மேடை எந்தத் தெருவைப் பார்க்கிறது?

நம் மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஊர் நடுவில், பெரும்பாலும் மாரியம்மன் கோயிலுக்கோ திரௌபதி அம்மன் கோயிலுக்கோ எதிரில், மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் திறப்புமாக ஒரு கான்கிரீட் மேடை நிற்கிறது. அதன் நெற்றியில் 'கலையரங்கம்' என்று எழுதியிருக்கும். கட்டிக்கொடுத்தவர் பெயரும், எந்த நிதியில் கட்டப்பட்டது என்ற விவரமும் அதைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும். திருவிழா என்றால் நாடகம், பொங்கல் என்றால் பரிசளிப்பு, தேர்தல் என்றால் கூட்டம். மற்ற நாட்களில் சீட்டாட்டமும் நெல் மூட்டையும்.

இது பொதுப்பணத்தில் கட்டிய பொதுக்கட்டடம். ஆனால் அந்த மேடையின் திறந்த பக்கம் எந்தத் தெருவைப் பார்க்கிறது? அதற்கு முன்னால் யார் உட்காரலாம், யார் ஓரத்தில் நிற்க வேண்டும், யார் தூரத்தில் புளியமரத்தடியில் இருந்து எட்டிப் பார்க்க வேண்டும்? மேடைக்கு வரைபடம் போடும்போது இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. ஆனால் ஆட்டம் எப்படி அமையும், யார் அதைப் பார்ப்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்வது அந்தக் கட்டடம்தான். நடிகர் அரிதாரம் பூசுவதற்கு முன்பே சுவரும் தூணும் பாதி நாடகத்தை எழுதி முடித்துவிடுகின்றன.

சிலம்பில் இரண்டு அரங்குகள்

தமிழ் படிக்கும் மாணவர்களுக்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை தெரியும். மாதவி ஆடிய மேடைக்கு இளங்கோ கணக்குச் சொல்கிறார். 24 விரல் அளவு கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மேலே போடும் பலகைக்கும் கீழே உள்ள தளத்துக்கும் இடையே நான்கு கோல். உள்ளே வர ஒரு வாயில், வெளியேற ஒரு வாயில். மூன்று வகைத் திரைச்சீலைகள். தூணின் நிழல் குறுக்கே விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பதுவரை சொல்லப்பட்டிருக்கிறது.

இதில் உயரத்தை மட்டும் கவனியுங்கள். ஒரு கோல் என்பது இன்றைய கணக்கில் ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடிக்குள் இருக்கும். தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு ஆடுபவரின் பாதம் தெரிகிற உயரம் இது. ஆட்டத்தின் உயிர் காலில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் போட்ட கணக்கு. நம் ஊர்க் கலையரங்கங்கள் பல மார்பளவு உயரத்தில் நிற்கின்றன. முன்வரிசையில் மணலில் உட்காரும் பிள்ளைகளுக்கு நடிகரின் முழங்காலுக்கு மேலேதான் தெரியும். பேச்சாளர் நின்று பேசுவதற்கு அந்த உயரம் வசதி. கூத்துக்கும் பறையாட்டத்துக்கும் அது கேடு.

அதே சிலம்பில் இன்னொரு வகை அரங்கும் இருக்கிறது. மதுரையின் புறஞ்சேரியில் ஆயர் பெண்கள் ஆடும் ஆய்ச்சியர் குரவைக்குக் கோலும் கிடையாது, திரையும் கிடையாது. மன்றத்தில் ஏழு பெண்கள் வட்டமாக நின்று கை கோத்து ஆடுகிறார்கள். வட்டத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் இல்லை. அரசன் உட்காரும் திசை என்று ஒன்று இல்லை. மாதவியின் மேடை சோழ மன்னன் பார்க்க அமைந்தது. அவன் தந்த பரிசையும் அந்தக் காதை சொல்கிறது. குரவையின் மன்றம் ஆடுபவர்களுக்காகவே அமைந்தது. ஒரே காப்பியத்தில் இரண்டு அரங்குகள். இரண்டுக்கும் பின்னால் இரண்டு வேறு சமூக வாழ்க்கை.

நான்கு தூண்கள்

வடமொழியில் உள்ள நாட்டிய சாத்திரம் அரங்கம் கட்டுவதற்கென்று ஓர் அத்தியாயத்தையே ஒதுக்குகிறது. மனிதர்களுக்கு ஏற்ற அரங்கு 64 முழம் நீளம், 32 முழம் அகலம் என்கிறது. அதைவிடப் பெரிதாகக் கட்டினால் குரல் கேட்காது, முகபாவம் தெரியாது என்று காரணமும் சொல்கிறது. கட்டடக்கலையும் நடிப்பும் எவ்வளவு நெருக்கமானவை என்று தெரிந்தவர்கள் எழுதிய வரிகள் அவை.

ஆனால் அதே அத்தியாயத்தில் தூண் நடும் சடங்கு வருகிறது. நான்கு தூண்கள். ஒன்று பிராமணத் தூண், ஒன்று சத்திரியத் தூண், ஒன்று வைசியத் தூண், ஒன்று சூத்திரத் தூண். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறம். கட்டட வேலை தொடங்கும்போது வேற்று நெறியினரையும் காவி உடுத்த துறவிகளையும் உடல் குறை உள்ளவர்களையும் அங்கிருந்து விலக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. வேதத்தைக் கேட்கும் உரிமை சூத்திரருக்கு இல்லாததால் எல்லா வருணத்தாருக்கும் பொதுவான ஐந்தாம் வேதமாக நாட்டியம் படைக்கப்பட்டது என்று முதல் அத்தியாயம் பெருமை பேசுகிறது. எல்லோருக்கும் பொதுவான அந்தக் கலைக்குக் கூரை போடும்போது நான்கு தூண்தான் கணக்கில் வந்தது. ஐந்தாமவர் எந்தத் தூணில் சாய்ந்து பார்ப்பது என்று நூல் சொல்லவில்லை.

இது ஏட்டோடு நின்ற விதி அல்ல. கேரளத்துப் பெரிய கோயில்களின் மதிலுக்குள் கூத்தம்பலம் என்ற ஆட்ட மண்டபம் உண்டு. திருச்சூர் வடக்குந்நாதர் கோயிலிலும் இரிஞ்ஞாலக்குடா கூடல்மாணிக்கம் கோயிலிலும் இன்றும் பார்க்கலாம். உயர்ந்து சரியும் கூரை, நடுவில் தனித் தூண்களோடு ஒரு சதுர மேடை, மேடைக்கு முன் பெரிய குத்துவிளக்கு, பின்னால் மரச்சட்டத்தில் மிழாவு. அங்கு ஆடப்படும் கூடியாட்டத்தில் கண் அசைவே பெரிய நடிப்பு. விளக்கின் சுடருக்குப் பக்கத்தில் நின்று, கண்மணியை மட்டும் உருட்டி, ஒரு மலையை ஏறிக் காட்ட முடியும். அந்த நுணுக்கம் அந்தக் கட்டடத்தின் கொடை. திறந்தவெளியில் அது செல்லாது.

அந்த நுணுக்கத்துக்கு ஒரு விலை இருந்தது. கூத்தம்பலம் கோயில் மதிலுக்குள் இருந்ததால், கோயிலுக்குள் வரக் கூடாதவர்கள் அந்தக் கலையையும் பார்க்கக் கூடாதவர்கள் ஆனார்கள். ஆடியவர்கள் சாக்கியார்கள், மிழாவு கொட்டியவர்கள் நம்பியார்கள், பெண் வேடம் நங்கையார்களுக்கு. பார்த்தவர்களும் கோயிலுக்குள் நுழையத் தகுதி பெற்ற சாதியினர் மட்டுமே. திருவிதாங்கூரில் 1936-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை புலையரும் பறையரும் அந்த மதிலைத் தாண்ட முடியாது. பைங்குளம் ராமச் சாக்கியார் 1949-இல் கூத்தைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தபோது சொந்தச் சமூகத்தின் எதிர்ப்பைச் சந்தித்தார். 1965-இல் கேரள கலாமண்டலத்தில் பயிற்சி தொடங்கிய பிறகுதான் பிற சாதியினருக்கு அதைக் கற்கும் வழி திறந்தது. 2001-இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வம் என்று அறிவித்தது. அந்த மனித குலத்தில் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகளும் உண்டு.

அதே கேரளத்தின் வடபகுதியில் தெய்யம் இருக்கிறது. வண்ணான், மலையன், புலையர் முதலான சமூகத்தார் காவுகளிலும் வீட்டு முற்றங்களிலும் ஆடுவது. கூரை இல்லை, மேடை இல்லை. மண் தரையில் தீப்பந்தம் சுற்றி ஆடுகிறார்கள். மக்கள் நாலாபக்கமும் நிற்கிறார்கள். பொட்டன் தெய்யம், உன் உடம்பில் ஓடுவதும் என் உடம்பில் ஓடுவதும் ஒரே இரத்தம்தானே என்று மேல்சாதிக்காரரைப் பார்த்துக் கேட்கும் மரபு உண்டு. முகத்துக்கு நேரே நின்று அப்படிக் கேட்க முற்றம் இடம் தருகிறது. கூத்தம்பலத்தில் கேட்பதற்கு ஆளே உள்ளே இல்லை. ஆட்டம் முடிந்து முடியை இறக்கிய பிறகு அதே கலைஞர் பழைய தாழ்வுக்கே திரும்ப வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. திறந்தவெளி ஒன்றே விடுதலை தராது. ஆனால் கேள்வி கேட்க அது ஓர் இடம் தரும்.

நந்தி விலகியது, வாசல் திறக்கவில்லை

யார் எங்கே நின்று பார்ப்பது என்ற கேள்விக்கு நம்மிடையே ஒரு பழைய கதை உண்டு. திருப்புன்கூரில் கோயிலுக்கு வெளியே நின்ற நந்தனார் இறைவனைக் காண ஏங்குகிறார். இடையில் நந்தி மறைக்கிறது. இறைவன் நந்தியை விலகச் சொல்கிறார். இன்றும் அங்கே நந்தி சற்று ஒதுங்கியே இருக்கிறது என்று காட்டுவார்கள்.

இந்தக் கதையைப் பக்தியின் பெருமையாக மேடை மேடையாகச் சொல்லி வந்திருக்கிறோம். கட்டடக் கண்ணோடு பாருங்கள். கருவறையிலிருந்து வாசல்வரை பார்வைக்கு ஒரு நேர்கோடு இருக்கிறது. அந்தக் கோட்டின் கடைசி முனையில், தெருவில், ஒருவர் நிற்க வைக்கப்பட்டிருக்கிறார். அவருக்காகக் கோடு சற்றுச் சரிசெய்யப்பட்டது. அவர் நின்ற இடம் மாறவில்லை. தில்லையில் அவர் உள்ளே போக நெருப்பைக் கடக்க வேண்டியிருந்தது. 'ஓரமா நின்னு பாத்துக்கோ' என்று திருவிழாக் காலத்தில் சேரி மக்களிடம் சொல்லப்படும் சொல், நந்தியை மட்டும் விலக்கிய அதே சமாதானம்தான்.

கூத்துக் களமும் கோயில் வாசலும்

வட மாவட்டங்களின் தெருக்கூத்துக்குக் கட்டடம் தேவையில்லை. கோயில் முன்பாகவோ அறுவடை முடிந்த வயலிலோ ஒரு சமதரை போதும். பின்னால் பெஞ்சு போட்டுப் பின்பாட்டுக்காரர்கள், மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை. மூன்று பக்கமும் மக்கள். இரண்டு பேர் பிடிக்கும் ஒரு துணி, திரை. இந்தத் திறந்தவெளிதான் கூத்தின் வடிவத்தையே உண்டாக்கியது. கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும் என்பதால் உச்சக் குரல். தூரத்து ஆளுக்கும் தெரிய வேண்டும் என்பதால் கண்ணாடித் துண்டு பதித்த பெரிய கிரீடமும் புஜக்கட்டையும். மூன்று பக்கமும் ஆள் இருப்பதால் சுழன்று சுழன்று ஆடும் ஆட்டம். பார்ப்பவரும் ஆடுபவரும் ஒரே தரையில் இருப்பதால் கட்டியங்காரன் கூட்டத்துக்குள் நுழைந்து ஊர் நியாயம் பேச முடிகிறது.

அந்தக் கூத்தைத் தூக்கிக் கான்கிரீட் மேடையில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? மூன்று பக்கம் சுவர். நடிகர் ஒரே பக்கம் பார்த்து ஆட வேண்டும். நிலையாக நிற்கும் மைக்குக்கு முன்னால் கூட்டமாக நின்று பாட வேண்டும். சுழற்சி குறைகிறது. கட்டியங்காரன் மேலே மாட்டிக்கொள்கிறான்.

இலங்கையின் மட்டக்களப்பிலும் இதே அனுபவம் உண்டு. அங்கே கூத்து வட்டக்களரியில் ஆடப்பட்டது, சுற்றிலும் மக்கள். 1960-களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு அதைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். இரவு முழுவதும் நடந்தது சில மணி நேரத்துக்குச் சுருங்கியது. எல்லாப் பக்கமும் பார்த்த ஆட்டம் ஒரு பக்கம் திரும்பியது. படித்தவர்கள் மத்தியில் கூத்துக்கு மதிப்புக் கிடைத்தது உண்மை. கூத்தின் களத்தை இழந்தோமே என்று உணர்ந்த பிந்தைய தலைமுறையினர் அதை மீண்டும் களரிக்கே கொண்டுபோனார்கள் என்பதும் உண்மை.

அதற்காகக் கூத்துக் களம் சமத்துவக் களம் என்று சொல்லிவிட முடியாது. பாரதக் கூத்து நடப்பது திரௌபதி அம்மன் திருவிழாவில். அந்தக் கோயிலுக்குள் யார் நுழையலாம் என்பதே தீராத ஊர்களில் களத்தின் மூன்று பக்கமும் எல்லோருக்கும் சமமாக இருக்குமா? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் சென்றதால் எழுந்த பிரச்சினையில் 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்கப்பட்டதை இந்தப் பக்கத்தின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். களத்துக்குச் சுவர் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கிறது. எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும்.

கொட்டகை செய்த வேலை

அந்தக் கயிற்றை முதலில் அறுத்தது புரட்சி அல்ல, டிக்கெட். நாடகக் கொட்டகையும் அதன் பின் வந்த சினிமாக் கொட்டகையும் பிறப்பைக் கேட்கவில்லை, காசைக் கேட்டன. தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் நிகழ்த்துகலை இடம் சினிமாக் கொட்டகைதான் என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி கவனித்து எழுதினார். உட்காரும் இடத்தைச் சாதிப் படிநிலை தீர்மானிக்காமல், வாங்கும் சக்தி தீர்மானித்தது என்பது அவர் கருத்து.

தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், நாற்காலி டிக்கெட் என்ற பிரிவு இருக்கத்தான் செய்தது. கூலி கிடைத்த நாளில் நம் மக்கள் பெரும்பாலும் தரையில்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் அந்தத் தரை திரைக்கு முன்னால் இருந்தது. புளியமரத்துக்குப் பின்னால் இல்லை. விளக்கை அணைத்ததும் பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரியாது. எவ்வளவு சிறிய விஷயம்! ஆனால் அதற்கு முன் எந்த மண்டபமும் அதைக்கூடச் செய்யவில்லை.

பறைக்கு ஏற்ற இடம்

1970-களில் கொல்கத்தாவின் பாதல் சர்க்கார் மேடையை விட்டிறங்கி, டிக்கெட் இல்லாமல், மக்கள் இருக்கும் இடத்திலேயே நாடகம் போட்டார். மூன்றாம் அரங்கு என்று அதற்குப் பெயர். 1980-இல் சென்னை அருகே சோழமண்டலத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பட்டறை தமிழ் வீதி நாடகத்துக்குப் பெரிய தூண்டுதலாக அமைந்தது. நாடகம் சேரித் தெருவுக்கு வந்தது. பிறகு தலித் அரங்கு என்று பெயர் சொல்லிக்கொண்டே நாடகம் பிறந்தது. 'வடு' தன்வரலாற்றை எழுதிய கே.ஏ. குணசேகரன் 'பலி ஆடுகள்' நாடகத்தைத் தந்தார். நாட்டுப்புறப் பாட்டையும் பறையையும் பல்கலைக்கழகம்வரை கொண்டுபோனார்.

பறை மேடையேறியது பெரிய வெற்றி. சாவுக்கு அடி என்று ஏவப்பட்ட கருவி, கலை விழாவைத் தொடங்கி வைக்கும் கருவியானது. ஆனால் இங்கும் கட்டடம் குறுக்கே நிற்கிறது. தோல் பறையை அனலில் காய்ச்சினால்தான் சுருதி ஏறும். குளிரூட்டிய அரங்கில் தீ மூட்ட அனுமதி இல்லை. பறையின் ஒலி ஊர் எல்லைவரை போவதற்கென்றே உருவானது. மூடிய மண்டபத்தில் அது சுவரில் மோதித் திரும்பி, ஓர் அடி இன்னோர் அடியை விழுங்கிவிடுகிறது. அடவு போடும் வரிசை முன்னும் பின்னும் விரிய இடம் வேண்டும். குறுகிய மேடையில் குச்சி பக்கத்து ஆளின் மேல் படும். இதனால்தான் எத்தனையோ குழுக்கள் மேடையை விட்டு இறங்கித் தரையில் நின்று அடிக்கின்றன. அதைப் பார்த்து 'மேடை நாகரிகம் தெரியாதவர்கள்' என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த மேடை பறையை மனதில் வைத்துக் கட்டப்படவில்லை என்பதே விஷயம்.

கலைஞர்கள் ஆடுவதற்கு ஏற்ற இடம் சேரியில் எப்போதும் இருந்தது: தெரு முனை, வேம்படி, அம்பேத்கர் சிலை முன்னால் உள்ள வெளி. இன்று அந்த வெளியும் சுருங்குகிறது. ஒதுக்கப்பட்ட இடத்தில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. மனைப்பட்டா கொடுக்கும்போது சாலைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடம் விடப்படும். பத்துப் பேர் ஆட, நூறு பேர் பார்க்க ஒரு திடலை யாரும் விடுவதில்லை. 'அவர்கள் ஊர்க் கலையரங்கத்துக்கு வரட்டுமே' என்பார்கள். வந்தால் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

கிராம சபையில் கேளுங்கள்

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2)-ஆம் பிரிவு, பொதுக் கேளிக்கை இடங்களிலும், முழுமையாகவோ பகுதியாகவோ அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொது இடங்களிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இன் 3(1)-ஆம் பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, தலித், பழங்குடி மக்கள் பொதுக் கேளிக்கை இடத்துக்குள் நுழைவதைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாகச் சொல்கிறது. ஊராட்சி கட்டிய கலையரங்கமும் பொது இடம்தான். 'கோயில் இடத்தில் இருக்கிறது' என்பது விலக்குவதற்குக் காரணம் ஆகாது. பொதுமக்களுக்கான கோயிலுக்குள் நுழைவதைத் தடுப்பதும் அதே பிரிவில் குற்றம்.

இதைப் படிக்கும் மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். ஒரு நோட்டையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கலையரங்கத்துக்குப் போங்கள். உயரம் எவ்வளவு? தரையில் உட்காரும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆடுபவரின் பாதம் தெரியுமா? எத்தனை பக்கம் திறந்திருக்கிறது? எந்தத் தெருவைப் பார்த்து நிற்கிறது? சக்கர நாற்காலியில் வருபவர் ஏறச் சரிவுப் பாதை உண்டா? சேரியிலிருந்து அங்கே வர எந்தத் தெரு வழியாக நடக்க வேண்டும். இரவு பதினோரு மணிக்கு ஒரு பெண் பிள்ளையால் அந்த வழியில் பயமில்லாமல் திரும்பி வர முடியுமா? கடைசியாக நடந்த விழாவில் யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று ஒரு படம் வரையுங்கள். அந்தப் படம் உங்கள் ஊரின் உண்மையான வரைபடம்.

பிறகு அதைக் கிராம சபைக்கு எடுத்துச் செல்லுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாட்கள் வருகின்றன. புதிய மேடை கேட்பதானால் இப்படிக் கேளுங்கள்: ஊருக்கும் சேரிக்கும் நடுவில் உள்ள பொது நிலத்தில், இரண்டடிக்கு மேல் உயராத, மூன்று பக்கம் திறந்த தளம்; சுற்றிலும் உட்கார மண் தரை; பறை காய்ச்ச ஓரத்தில் ஓர் இடம்; வேடம் போட, உடை மாற்றப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனி அறை; தெருவிளக்கு. சுவரும் கூரையும் குறைவதால் செலவு கூடப்போவதில்லை. தண்ணீர்க் குழாயையும் சுடுகாட்டுப் பாதையையும் கேட்டுப் போராடிய நமக்கு ஆடுகளத்தைக் கேட்கவும் உரிமை உண்டு. தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்பட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.